மாம்பலத்துச் சில்லு

போன கிழமை என்னுடைய பயணப் பெட்டிக்கு மூன்று சில்லுகள் மாற்றினேன். அன்று பின்னேரமே பள்ளித் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "பெப்ரவரியில சிங்கப்பூர் போறம். உன்ட நீலப் பெட்டி நல்லா உழைக்குதுதானே? அதே மாதிரி ஒண்டு வாங்கட்டா?"

பதிலைக் குரல்பதிவாகச் சொல்லத் தொடங்கினேன். நாலு நிமிடம் போயும் சில்லுக்கே வந்து சேரவில்லை. அழித்துவிட்டு எழுதுகிறேன்.

28 அங்குலம், துணிப் பெட்டி, நாலு சில்லு, நம்பர் பூட்டு, விரித்தால் இன்னும் கொஞ்சம் பெருக்கிற ஸிப். கடையில் தொங்குகிற எல்லாப் பெட்டிக்கும் இதுதான் சாதகம். பிராண்ட் பெயரை எழுதவில்லை. முன்பக்கத்து எழுத்துகளில் பாதி உதிர்ந்துவிட்டன, மீதியைச் சேர்த்து வாசித்தால் ஏதோ இருமல் மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறது.

வாங்கியது 2013 டிசம்பர் விடுமுறையில், சிங்கப்பூரில். முஸ்தபா சென்டர் அப்போது இருபத்துநாலு மணித்தியாலமும் திறந்திருக்கும். இரவு ஒரு மணிக்கு உள்ளே போனோம். வாசலில் நிற்கிறவர் எங்கள் கைப்பையின் ஸிப்பை ஒரு பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டிவிட்டார். காசு உள்ளே, நாங்கள் வெளியே. பில் போடும் இடத்தில் அதை வெட்டித்தரச் சொல்லி நான் நின்ற நிலையை நினைத்தால் என் கணவர் இன்றைக்கும் சிரிப்பார். பெட்டி அங்கே 77 டொலர். சிங்கப்பூர் டொலர் ஒன்று நம்முடைய நூறு இலங்கை ரூபாவைச் சுற்றி நின்ற காலம் அது. விலை கூட என்று நினைத்து, அடுத்த நாள் சிராங்கூன் சாலையின் பின்தெரு ஒன்றில் அதே பெட்டியை 68 டொலருக்கு வாங்கினேன். ஒன்பது டொலர் மிச்சம் என்று அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மிச்சத்தின் கணக்கை சாங்கி விமான நிலையத்தில் வைத்து இவர் சரிபார்த்தார். உல்லாசப் பயணி ஒருவர் 100 டொலருக்கு மேல் வாங்கினால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையென்றால், வரியைத் திருப்பி எடுக்கலாம். அப்போது வரி நூற்றுக்கு 7, இப்போது 9. நான் வாங்கிய பின்தெருக் கடை திட்டத்தில் இல்லை. ஆக, முஸ்தபாவில் மற்றச் சாமான்களோடு சேர்த்து வாங்கியிருந்தால் ஐந்து டொலர் திரும்ப வந்திருக்கும். என் மிச்சம் நாலு டொலர். அதோடு பத்து வருட உத்தரவாதம் என்று கடைக்காரர் நெஞ்சைத் தொட்டுச் சொன்ன அட்டையை விமானத்தில் வைத்துத்தான் வாசித்தேன். ஸிப்புக்கு உண்டு, கைபிடிக்கு உண்டு. சில்லுக்கு இல்லை.

இனி அந்த ஸிப்பைப் பற்றி. பன்னிரண்டு வருடம். ஒரு பல் கழன்றதில்லை. நாலு தேங்காய்த் துருவல் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, துபாய்ப் பால்மா எல்லாம் உள்ளே திணித்து, இவர் மேலே ஏறி உட்கார, நான் இழுத்திருக்கிறேன். போயிற்று. மாரிக்கு முன்னால் ஒரு மெழுகுதிரித் துண்டால் இரண்டு இழுவை தேய்த்துவிடுவேன், அவ்வளவுதான் நான் செய்த பணிவிடை. எங்கள் திருகோணமலை டச் பே கடற்காற்றில் வீட்டுக் கேட்டின் பிணைச்சலே நாலு வருடம் தாங்காது. இந்த ஸிப் எந்த உலோகமோ, யார் வார்த்ததோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

சரி, சில்லு.

2014 ஓகஸ்ட், சென்னை. தங்கச்சி மகளின் கலியாணச் சேலைக்கு ரங்கநாதன் தெரு. அந்தத் தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவளுக்கு மூளை பிசகு என்று சொல்லலாம், ஆனால் வாங்கியதை எதில் போடுவது? இந்திய ரூபாவை இரண்டால் பெருக்கினால் நம்முடைய ரூபா கிடைத்துவிடும் காலம். பெருக்கிப் பார்த்ததும் கை தானாக நீண்டது. சனம் எங்களைத் தள்ளியது, நாங்கள் பெட்டியைத் தள்ளினோம். மாம்பலம் ரயில் நிலையப் பக்கம் வந்தபோது பின் இடது சில்லு ஒரு வடிகால் கம்பிக்குள் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது.

படியடியில் ஒரு செருப்புத் தைக்கிறவர் இருந்தார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, தன் சாக்குக்குள் கையை விட்டு, கறுத்த பிளாஸ்டிக் சில்லு ஒன்றை எடுத்தார். வேறு ஏதோ செத்துப்போன பெட்டியின் உறுப்பு. மற்ற மூன்றையும்விட ஒரு நூல் சிறியது, கல் மாதிரிக் கடினம். "சத்தம் போடும்மா, ஆனா உடையாது" என்றார். எண்பது ரூபா.

சத்தம் போட்டது. வருடக்கணக்காகப் போட்டது. கிறீச், கிறீச் என்று ஒரே சீரான சத்தமென்றால் காது பழகிவிடும். இது மூன்று தரம் கிறீச்சிட்டு, ஒரு தரம் விழுங்கிக்கொண்டு, பிறகு நீளமாக ஒன்று. சில்லு சிறிதென்பதால் பெட்டி ஒரு பக்கம் நொண்டும். தேங்காயெண்ணெய் விட்டேன், தையல் மெசின் எண்ணெய் விட்டேன், இவர் மோட்டார் சைக்கிள் கிறீஸ் பூசினார். அச்சில் சுற்றியிருந்த தலைமயிரையும் சேலை நூலையும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன். இரண்டு நாள் ஓய்ந்திருந்து பிறகு தொடங்கும். இரவு ரயிலில் கொழும்பிலிருந்து வந்து விடியப்புறம் இறங்கி வீட்டுக்கு நடந்தால், றோட்டு நடுவில் படுத்திருக்கும் மான்கள் லொறிக்கும் எழும்பாதவை, எங்கள் பெட்டிக்கு எழும்பும். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்பார்: "என்ன பிள்ளை, மாம்பலத்தான் வந்திட்டானோ?"

2016 இல் கோலாலம்பூர். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைக்காரர் ஒருவர் சத்தத்தைக் கேட்டே கடைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "அக்கா, பெட்டி அழுவுது, புதுசு ஒண்ணு வாங்கிருங்க" என்றார். பெட்டி வாங்கவில்லை, படுக்கை விரிப்பு வாங்கினேன். மலேசியாவைப் பற்றி வேறு முறைப்பாடு இல்லை.

2018 இல் தங்கச்சியிடம் போனோம், சார்ஜாவுக்கு. பள்ளி விடுமுறை ஓகஸ்டில் வருவதால் வாத்தியார் குடும்பங்கள் எல்லாம் துபாயைக் கொதிக்கக் கொதிக்கத்தான் பார்க்கின்றன. அந்த வருடத் தொடக்கத்தில்தான் அங்கே நூற்றுக்கு 5 வரி புதிதாக வந்திருந்தது. தங்கச்சி ஒவ்வொரு பில்லையும் கையில் வைத்துப் புறுபுறுத்தாள். ஏழு சதவீதத்தில் ஏமாந்தவளிடம் ஐந்தைப் பற்றி முறையிடுகிறாள். தேரா தங்கச் சந்தையில் பார்த்ததோடு சரி. பால்மா, பேரீச்சம்பழம், அத்தர் என்று வாங்கி நிரப்பிக்கொண்டு ஒரு திர்ஹம் கொடுத்து அப்றாப் படகில் ஏறினோம். நாலு சில்லுப் பெட்டியின் பெரிய குற்றம் அங்கேதான் எனக்கு விளங்கியது. கடையின் பளிங்குத் தரையில் ஒரு விரலால் தள்ளலாம் என்று காட்டுவார்களே, அதே சுகத்தோடு அது தண்ணீரை நோக்கியும் போகும். அலை ஒரு பக்கம் தூக்க, பெட்டி புறப்பட்டது. ஒரு பாகிஸ்தான்காரர் காலை நீட்டி மறித்தார். இரவு ரயிலிலும் இதே கதை, கல்ஓயாச் சந்தியில் ஒரு குலுக்குக் குலுக்கினால் பெட்டி நாலு இருக்கை தள்ளி வேறு குடும்பத்தோடு நிற்கும். இரண்டு சில்லுப் பெட்டி அடக்கமானது. சரித்து இழுக்கத் தோள் வலிக்கும், ஆனால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும்.

இடையில் பெட்டி நானில்லாமலும் ஊர் சுற்றியது. நம் ஊரில் பெரிய பெட்டி வைத்திருக்கிறவர் உரல் வைத்திருக்கிறவர் மாதிரி, கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. ஒருமுறை தோஹா, ஒருமுறை குவைத். கைபிடியில் நான் காணாத விமான நிலையங்களின் ஒட்டுத்தாள்களோடு திரும்பி வரும். கொண்டுபோனவர்கள் எல்லாரும் ஒரே வசனம்: "பெட்டி சோக்கு, அந்தச் சத்தம்தான்."

பிறகு கொரோனா. கட்டுநாயக்கா விமான நிலையம் மூடியது, பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. 2022 இல் அமெரிக்க டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனதும், இனி அதை இறக்குகிற யோசனையே இல்லை. அந்த வருடம் மாரி முடிகிற நேரம் அலுமாரியடியில் கறுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கத் தொடங்கின. எலிப் புழுக்கை என்று நினைத்தேன். கூட்டினேன், மறுநாளும் கிடந்தது. கருவாட்டுத் துண்டு வைத்து எலிப்பொறி வைத்தேன். மூன்று கிழமை கருவாடுதான் செலவு. ஒருநாள் கூட்டும்போது ஒன்று விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டது. விரலால் எடுத்தால் பிசுபிசு என்று எள்ளுருண்டை பாகு மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியின் சில்லு உதிர்ந்துகொண்டிருந்தது. ஆளே தொடாமல், ஒரு அடி உருளாமல்.

எனக்குக் கோபம் வந்தது பெட்டிமேல் அல்ல. உயர்தர வகுப்புக்கு இருபத்தாறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவள் நான். எசுத்தரின் நீர்ப்பகுப்பைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதி அழித்திருப்பேன். மெத்தென்று ஓடுகிற சில்லுகளைப் பொலியூரித்தேனில் வார்க்கிறார்கள். அதில் எசுத்தர் வகையைச் சேர்ந்தது காற்றின் ஈரத்தை வாங்கிப் பிணைப்புப் பிணைப்பாக உடையும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவு. திருகோணமலைக்கு இரண்டும் தாராளம். அலுமாரியில் வைத்திருந்த சப்பாத்தின் அடி ஒருநாள் கழன்று விழுவதும் பெரும்பாலும் இதே கதைதான். பரீட்சைக்கு வந்தால் புள்ளி போடுவேன், வீட்டுக்கு வந்ததற்கு எலிப்பொறி வைத்தேன்.

மூன்று சில்லுகள் போயின. நாலாவது, மாம்பலத்துக் கறுப்பன், அப்படியே இருந்தது. நகத்தால் கீறினால் நகம்தான் நோகும்.

2023 இல் யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து சென்னைக்குப் போகிற சின்ன விமானத்தில் போனபோது தோள்பையோடுதான் போனேன். இந்திய ரூபாவை அப்போது நாலால் பெருக்கவேண்டியிருந்தது, நிரப்புவதற்குப் பெரிய பெட்டி எதற்கு. மாம்பலத்துப் படியடியில் அவரைத் தேடினேன். வேறொருவர் கைத்தொலைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்.

போன கிழமைதான் ஒருவழியாகப் பெட்டியைச் சந்தைப் பக்கம் பாக் திருத்துகிற தம்பியிடம் கொண்டுபோனேன். புதுப் பெட்டியின் விலை கேட்டுவிட்டு நேரே அங்கே போனதாகச் சொல்வதுதான் நேர்மை. அவர் பெட்டியைக் கவிழ்த்து, மூன்று தாங்கிகளின் தறையாணிகளையும் துளைத்து எடுத்தார். பிறகு நாலாவதைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "டீச்சர், இதுதான் சாமான். இதே மாதிரிக் கடும் பிளாஸ்டிக்கில மூண்டு போட்டுத் தாறன். மெத்துச் சில்லும் இருக்கு, ஆனா திருப்பி வருவீங்க." உருட்டாமல் வைத்தபடியால்தான் செத்தது என்றும் சொன்னார். உருட்டியிருந்தாலும் ஈரம் விட்டிருக்காது என்று விளக்கப் போய், அவர் கையில் துளைகருவி இருந்ததால் நிறுத்திக்கொண்டேன். மூன்றுக்கும் சேர்த்து 2,400 ரூபா.

இப்போது பெட்டி நொண்டவில்லை. நாலும் ஒரே அளவு. நாலும் கத்துகின்றன.

துப்புரவாக்கும்போது உள்பக்கப் பைக்குள் பன்னிரண்டு வருடப் பில்கள் அகப்பட்டன. முஸ்தபா பில் முழு வெள்ளை, துபாய்ப் பில்லில் சாம்பல் நிறத்தில் ஏதோ கோடு. சூட்டில் அச்சடிக்கிற தாள், வைத்திருக்க வைத்திருக்க எழுத்துப் போய்விடும். மஸ்ஜித் இந்தியாக் கடைக்காரர் நீலப் பேனையால் தமிழில் எழுதிய துண்டு மட்டும் நேற்று எழுதியதுபோல் இருந்தது: "விரிப்பு 2, அக்காவுக்குக் கழிவு 5." அந்த ஐந்து ரிங்கிட் கழிவை நான் மறந்தே போயிருந்தேன். மூன்று நாடுகளின் வெற்றுத்தாளையும் எறியாமல் திரும்ப உள்ளே வைத்தேன், காரணம் கேட்காதீர்கள்.

ஆக, தோழிக்கு என் பதில். வாங்காதே. சில்லுக்கு உத்தரவாதம் இல்லாத பெட்டியை, மெத்தென்று ஓடுகிறது என்பதற்காக, நம் ஊர்க் காற்றுக்கு வாங்காதே. படகிலும் ரயிலிலும் உன்னைவிட்டு ஓடிப்போகும். வெறும் பெட்டியே பாரம். விரிக்கிற ஸிப்பைத் திறந்தால் கட்டாயம் எடை மிஞ்சும், விமான நிலையத்தில் நின்று ஊர் பார்க்கச் சாமான் இறக்கவேண்டும். இரண்டு சில்லு, திருகாணியால் பூட்டிய சில்லு, கழற்றி மாற்றக்கூடிய சில்லு, இதைப் பார்த்து வாங்கு. நான் இன்னொன்று வாங்குவதென்றால் இதையேதான் வாங்குவேன், ஆனால் அது வேறு விசயம்.

இவ்வளவையும் அனுப்பி முடிய அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "அப்ப உன்டதையே தாவன், கிழமைக்குள்ள திருப்பித் தாறன்."

தருகிறேன். கோடாலித் தைலம் பன்னிரண்டு போத்தல், சின்னது. முஸ்தபாவில் வாங்கவும்.