ஜப்தி வீட்டை அரசு வாங்கினால் என்ன ஆகும்? அமெரிக்கா செய்து பார்த்த வழிகள், ஓர் அலசல்

2008 என்றதும் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானதும் வங்கிகளுக்கு அள்ளிக் கொடுத்த மீட்புப் பணமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். லேமன் விழுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே, ஜூலை கடைசியில், அமெரிக்க காங்கிரஸ் சத்தமில்லாமல் இன்னொரு வேலை செய்தது. தவணை கட்ட முடியாமல் போய் வங்கி பிடுங்கிப் பூட்டி வைத்த வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கொடுங்கள் என்று மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் 392 கோடி டாலர் ஒதுக்கியது. நெய்பர்ஹுட் ஸ்டெபிலைசேஷன் புரோகிராம் என்று பெயர், சுருக்கமாக என்.எஸ்.பி. 2009இல் இன்னொரு 200 கோடி, 2010இல் 100 கோடி. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 700 கோடி டாலர்.

கேட்கும்போது மறுப்பே சொல்ல முடியாத யோசனை. ஒரு பக்கம் ஆளில்லாத வீடு, இன்னொரு பக்கம் வீடில்லாத ஆள். ஆனால் "வாங்கிக் கொடுப்பது" என்பதற்குள் ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவையும் உண்டு: வாங்கி விற்பது, வாங்கி வாடகைக்கு விடுவது, வாங்கி இடிப்பது, நிலத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்வது, வீடு கைமாறாமலே தடுப்பது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்பது இதில் இரண்டாவது கேள்விதான். ஏலத்தில் யார் கைக்கு முதலில் வீடு போகிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற இரண்டும்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தன.

வாங்கி, சரிசெய்து, விற்பது

என்.எஸ்.பி.யின் அடிப்படை வழி இதுதான். விதிகள் பார்க்க நன்றாகவே இருந்தன. அந்த வட்டாரத்தின் நடுமட்ட வருமானத்தில் 120 சதவீதத்துக்கு மேல் சம்பாதிப்பவருக்கு வீடு கிடையாது. பணத்தில் கால் பங்காவது 50 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போக வேண்டும். வாங்குபவர் 8 மணி நேரம் ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாதல்லவா. மதிப்பீட்டாளர் சொல்லும் விலையைவிடக் குறைந்தது 1 சதவீதமாவது குறைத்துத்தான் அரசுப் பணத்தில் வாங்கலாம். என்.எஸ்.பி.யின் முதல் சுற்றுப் பணத்தை 18 மாதத்துக்குள் ஏதாவது வீட்டுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பப் போய்விடும்.

இப்போது களத்துக்கு வாருங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஜப்தி ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கோர்ட் படிக்கட்டில் நடக்கும். முதலீட்டாளரின் ஆள் வங்கிக் காசோலையோடு அங்கே நிற்பான், கேட்பான், கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நகராட்சிக்காரர் என்ன செய்வார்? மதிப்பீட்டாளரைக் கூப்பிட வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடிக்க வேண்டும், 1978க்கு முன் கட்டிய வீடென்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான விதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் சேர்ந்தபோது, நல்ல வீடெல்லாம் படிக்கட்டிலேயே போய்விட்டது. மிஞ்சிய வீடுகள் எப்படிப்பட்டவை? சுவரை உடைத்துத் தாமிரக் குழாயை உருவிக்கொண்டு போயிருப்பார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடாததால் மீதிக் குழாய்கள் உறைந்து வெடித்து, அடித்தளம் முழுக்கப் பூஞ்சை பிடித்திருக்கும். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து மாதிரி இடங்களில் இப்படி ஒரு வீட்டை ஒழுங்காகச் சரிசெய்ய ஆகும் செலவு, சரிசெய்த பிறகு அதை விற்கிற விலையைத் தாண்டிவிடும். அந்த இடைவெளியை அரசு நிரப்பினால்தான் வீடு கைமாறும்; நிரப்ப நிரப்ப வீடுகளின் எண்ணிக்கை குறையும்.

இதற்கு வந்த மருந்துதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதற்குப் பெரிய செலவே இல்லை. நேஷனல் கம்யூனிட்டி ஸ்டெபிலைசேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பு வங்கிகளோடு பேசி, ஜப்தியில் வந்த வீடுகளைச் சந்தைக்கு விடும் முன் உள்ளூர் நகராட்சிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் காட்ட வைத்தது. 2009இல், வங்கிகளின் வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனமும் "ஃபர்ஸ்ட் லுக்" என்று ஆரம்பித்தது: முதல் 15 நாள், தானே குடியிருக்கப் போகிறவரும் என்.எஸ்.பி. பணத்தோடு வருபவரும் மட்டும் கேட்கலாம், முதலீட்டாளர் வெளியே காத்திருக்க வேண்டும். வெறும் 15 நாள்தான், ஆனால் வரிசையில் யார் முன்னால் நிற்பது என்பது மாறிவிட்டது.

இந்த வழியின் இன்னொரு ஓட்டை பத்திரத்தில் இருக்கிறது. வீடு எத்தனை காலம் "கட்டுப்படியாகும் வீடாக" இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறைந்தபட்சக் கணக்கு இருந்தது: ஒரு வீட்டுக்குப் போட்ட அரசுப் பணம் 15,000 டாலருக்குக் கீழே என்றால் 5 வருடம், 40,000 வரை 10 வருடம், அதற்கு மேல் 15 வருடம். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை, சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். விலை அடிமட்டத்தில் கிடந்த 2010இல் வாங்கி 10 வருடம் கட்டுப்பாடு போட்டால், வீட்டு விலை வானத்துக்குப் பறந்த 2020இல் அது அவிழ்கிறது. பொதுப்பணத்தில் இருந்து ஒரே ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு முறை லாபம். அந்தக் குடும்பம் ஏழைக் குடும்பம், நன்றாக இருக்கட்டும். ஆனால் அடுத்து வரும் குடும்பத்துக்கு அரசு மறுபடியும் முதலிலிருந்து பணம் போட வேண்டும்.

நிலம் மட்டும் நம்முடையது

இங்கேதான் சமூக நில அறக்கட்டளை என்ற மாற்று வழி வருகிறது. வீட்டை நீங்கள் வாங்கலாம், அடியில் இருக்கும் நிலம் அறக்கட்டளைக்கே சொந்தம், உங்களுக்கு அது நீண்ட காலக் குத்தகைதான். விற்கும்போது விலை ஏற்றத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு. வீடு மறுபடியும் அதே மாதிரி வருமானம் உள்ளவருக்கே போகும். வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் 1984இலேயே தொடங்கிவிட்டார்கள், இன்று அது சாம்ப்ளைன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது.

இதற்கு ஆதரவாக என்னிடம் இருக்கும் பெரிய சான்று அந்த நெருக்கடி காலத்துக் கணக்குதான். 2010 கடைசியில் அமெரிக்காவின் பொதுவான வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஜப்தி நடவடிக்கையில் இருந்தன. நில அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம். பத்தில் ஒரு பங்கு! அதுவும் வாங்கியவர்கள் வருமானத்தில் கீழே இருந்தவர்கள். காரணம் மாயம் ஒன்றுமில்லை. கடன் சின்னது, வட்டி திடீரென்று எகிறும் விஷக் கடன் வாங்க அறக்கட்டளை விடாது, ஒரு மாதம் தவணை தவறினால் அறக்கட்டளை ஆள் கதவைத் தட்டுவார்.

அப்படியென்றால் எல்லாப் பணத்தையும் இதிலேயே போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு தடை. ஒன்று, அமைப்பு இருக்க வேண்டும். 18 மாதக் கெடுவுக்குள் இல்லாத ஊரில் ஓர் அறக்கட்டளையை உருவாக்க முடியாது. இரண்டு, விலை ஏறாத ஊரில் இதற்கு அர்த்தம் குறைவு. பக்கத்துத் தெருவில் முழு உரிமையோடு வீடு அதே விலைக்குக் கிடைக்கும்போது, பாதி உரிமை வீட்டை எவன் வாங்குவான்?

வாடகைக்கு விடுவது

நகரெங்கும் சிதறிக் கிடக்கும் தனி வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிப்பது தொண்டு நிறுவனங்களுக்குத் தலைவலி. ஒரே கட்டிடத்தில் நாற்பது குடித்தனம் என்றால் ஒரு பிளம்பர் போதும். நாற்பது தெருவில் நாற்பது கூரை என்றால் கணக்கு உதைக்கும். அதே கணக்கைப் பல்லாயிரம் வீடுகளோடு போட்டால் லாபம் வரும் என்று கண்டுபிடித்தது வால் ஸ்ட்ரீட். பிளாக்ஸ்டோன் 2012இல் தொடங்கிய இன்விடேஷன் ஹோம்ஸ், 2017இல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்தபோது கையில் 80,000 வீடுகளுக்கு மேல் வைத்திருந்தது.

இதைத் தனியார் சங்கதி என்று விட்டுவிட முடியாது, அரசின் கை இதிலும் இருக்கிறது. 2012இல் ஃபேனி மே வசம் இருந்த சுமார் 2,500 ஜப்தி வீடுகளை மொத்தமாக முதலீட்டாளர்களுக்கு விற்கும் முன்னோட்டத் திட்டத்தை மத்திய வீட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு நடத்தியது. 2017 ஜனவரியில் இன்விடேஷன் ஹோம்ஸ் வாங்கிய 100 கோடி டாலர் கடனுக்கு, அப்போதும் அரசின் பொறுப்பில் இருந்த அதே ஃபேனி மே உத்தரவாதம் கொடுத்தது. ஒரு கையால் தொண்டு நிறுவனத்திடம் "18 மாதம்தான், சீக்கிரம்" என்று விரட்டிவிட்டு, இன்னொரு கையால் அவர்களோடு ஏலத்தில் மோதுகிறவனுக்கு முதுகு தடவிக் கொடுத்தது எந்த விதத்தில் கொள்கை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காலி வீடுகளில் விளக்கு எரிந்தது, புல் வெட்டப்பட்டது, அதை மறுக்கவில்லை. வாடகைக்கு உச்சவரம்பு மட்டும் இல்லை.

இடிப்பது

மனசு ஒப்பாது, ஆனால் சில ஊர்களுக்கு இதுதான் சரி. கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதி நெருக்கடி தொடங்கியபோது நாட்டிலேயே மிக மோசமாக அடிபட்ட வட்டாரங்களில் ஒன்று. அந்த நகரத்தின் மக்கள்தொகை பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது; வீடுகள் அதிகம், ஆட்கள் குறைவு. 2009இல் உருவான குயஹோகா நில வங்கி (கைவிடப்பட்ட வீடுகளையும் மனைகளையும் எடுத்து நிர்வகிக்கும் பொது அமைப்பு) ஃபேனி மேயிடம் இருந்து மதிப்பிழந்த வீடுகளை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டது. இடிப்புச் செலவில் ஒரு பகுதியும் அவர்களிடமிருந்தே வந்தது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஜெனசி கவுண்டி நில வங்கி இன்னும் பழசு. வரி பாக்கியில் வந்த வீடுகளை எடுத்து, தேறுவதைச் சரிசெய்து, தேறாததை இடித்து, காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது.

டெட்ராய்ட்டில் 10,000க்கும் மேற்பட்ட வீடுகள் மத்தியப் பணத்தில் இடிக்கப்பட்டன. அந்தப் பணம் முதலில் எதற்கு ஒதுக்கப்பட்டது தெரியுமா? வீட்டைப் பறிகொடுக்கும் நிலையில் இருந்த குடும்பங்களுக்கு உதவ! "ஹார்டெஸ்ட் ஹிட் ஃபண்ட்" என்ற அந்த நிதியை 2013 முதல் இடிப்புக்கும் திருப்பினார்கள். பிறகு இடிப்புச் செலவு ஏறியதில் விசாரணை வேறு வந்தது.

வீடு போகாமலே தடுப்பது

எல்லாவற்றிலும் மலிவான வழி இது. உள்ளே குடும்பம் இருக்கும்வரை குழாயை எவனும் உருவ முடியாது. 1933இல் ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய எச்.ஓ.எல்.சி. (ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்) வங்கிகளிடம் இருந்து கடன்களையே வாங்கி, நீண்ட தவணையாக மாற்றிக் கொடுத்தது, சுமார் 10 லட்சம் குடும்பங்களுக்கு. அவற்றில் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் அப்படியும் ஜப்திக்குத்தான் போயின. இருந்தும் 1951இல் கடையைக் கட்டியபோது கொஞ்சம் லாபத்தோடு கட்டியது. (கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைக் கடன் கொடுக்க ஆபத்தானவை என்று சிவப்பில் குறித்த வரைபடங்களைத் தயாரித்ததும் இதே நிறுவனம்தான், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.)

2009இல் ஒபாமா அரசு கடனை வாங்கவில்லை, கடன் வசூலிக்கும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து "தவணையைக் குறையுங்கள்" என்று கேட்டுக்கொண்டது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் இலக்கு, ஏறக்குறைய பாதிதான் எட்டியது. கடன் அரசின் கையில் இருந்தால் அரசு முடிவெடுக்கும். வசூல்காரன் கையில் இருந்தால் அவன் எடுப்பான். அயர்லாந்து 2012இல் வேறொன்று செய்தது: கட்ட முடியாதவர் வீட்டை ஒப்படைக்கிறார், தொண்டு வீட்டு நிறுவனம் வாங்குகிறது, அவரே அதே வீட்டில் வாடகைக்குத் தொடர்கிறார். பீரோவைக்கூட நகர்த்த வேண்டாம்.

பணத்துக்கு முன்னால் உரிமை

2019 நவம்பரில் கலிபோர்னியாவின் மேற்கு ஓக்லாண்டில் வீடில்லாத சில தாய்மார்கள், ஒரு முதலீட்டு நிறுவனம் ஜப்தி ஏலத்தில் வாங்கிப் பூட்டி வைத்திருந்த வீட்டுக்குள் குழந்தைகளோடு குடியேறினார்கள். ஜனவரியில் போலீஸ் படையோடு வந்து வெளியேற்றினார்கள். கடைசியில் அந்த வீடு ஓக்லாண்டின் நில அறக்கட்டளைக்கே விற்கப்பட்டது. அந்தச் சூட்டோடு 2020இல் வந்ததுதான் எஸ்.பி. 1079 சட்டம். ஜப்தி வீடுகளை மூட்டையாகக் கட்டி ஒரே ஆளுக்கு ஏலம் விடக் கூடாது. ஏலத்தில் முதலீட்டாளர் ஜெயித்தாலும் 45 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அங்கே குடியிருக்கும் வாடகைதாரர் அதே விலையைக் கட்டினால் வீடு அவருக்கு, தொண்டு நிறுவனமோ நகராட்சியோ கூடுதலாகக் கேட்டால் அவர்களுக்கு. ஸ்பெயினின் கட்டலோனியா மாகாணம் 2015இலேயே, ஜப்தியில் வந்த வீட்டை வங்கி விற்கும்போது முதலில் வாங்கும் உரிமையை அரசுக்குக் கொடுத்துவிட்டது.

ஜார்ஜியாவின் கோர்ட் படிக்கட்டோடு இந்த 45 நாளை வைத்துப் பாருங்கள். மதிப்பீடு, ஆய்வு, கடன் ஒப்புதல் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கிறது. உரிமை மட்டும் இருந்து பணம் இல்லாவிட்டால் வாடகைதாரர் 45 நாளும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், அதுவும் உண்மை. ஓக்லாண்டு விலையில் கையில் ரொக்கம் யாரிடம் இருக்கிறது?

ஆகவே விலை ஏறும் ஊர் என்றால் என் ஓட்டு முன்னுரிமைச் சட்டம், அதன் பின்னால் அரசு நிதி, வீடு போய்ச் சேருவது நில அறக்கட்டளையில், பத்திரத்தில் காலக்கெடு கிடையாது. தேயும் ஊர் என்றால் நில வங்கி. அங்கே "கட்டுப்படியாகும் வீடு" பற்றாக்குறையே இல்லை, ஒழுகாத கூரைதான் பற்றாக்குறை, விலைக் கட்டுப்பாட்டைப் பத்திரத்தில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு ஊருக்கும் ஒரே விதிப்புத்தகத்தை 18 மாதக் கெடுவோடு அனுப்பியதுதான் என்.எஸ்.பி. செய்த பெரிய தப்பு.

கலிபோர்னியா சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. தொண்டு நிறுவனம் என்று பெயருக்கு ஒரு பலகை மாட்டிக்கொண்டு முதலீட்டாளர்களே அந்த 45 நாள் வரிசையில் வந்து நின்றார்கள். அதை அடைக்க 2022இல் ஏ.பி. 1837 என்று இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது.