நாற்காலித் துளைக்கு எந்த டிரில் பிட்?

பினாங்கில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும், மரத்துக்கு ஒரு 16 மில்லிமீட்டர் பிட் கேட்டால் மூன்று நான்கு வகையை எடுத்துப் போடுவார்கள். அலமாரி செய்பவர் எதை வாங்கினாலும் சமாளித்துவிடலாம், நாற்காலி செய்பவரால் முடியாது. காலின் கழுந்தும் (துளைக்குள் செருகும் நுனி) துளையின் உட்சுவரும் இறுகப் பிடித்துக்கொள்வதில்தான் நாற்காலியே நிற்கிறது. உட்கார்ந்தவர் பின்னால் சாயும்போதெல்லாம் அந்தப் பிடி இழுபடும். சுவர் பிய்ந்திருந்தாலோ துளையின் வாய் அகன்றிருந்தாலோ, எவ்வளவு நல்ல பசை போட்டாலும் ஆட்டம் வந்தே தீரும்.

சாதாரண டுவிஸ்ட் பிட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் 118 டிகிரி முனை இரும்புக்கானது. மரத்தில் நார் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு விலகும், வாயோரத்தையும் பிய்க்கும். ஸ்குரூவுக்கு முன்துளை போட அது போதும், கழுந்துக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி பிராட் பாயிண்டுக்கும் ஃபார்ஸ்ட்னருக்கும்தான். பிராட் பாயிண்டில் நடு முனை இடம் பிடிக்கிறது, ஓரத்தில் உள்ள இரண்டு பற்கள் நாரை முதலில் அறுக்கின்றன, அதன் பிறகே உட்பகுதி சீவப்படுகிறது. நெளிந்த பள்ளம் சீவலை வெளியே தள்ளிவிடுவதால் ஆழமான துளையிலும் சூடு குறைவு. கையில் பிடிக்கும் டிரில்லுக்கும் ஒத்துவரும். குறை எங்கே தெரியும் என்றால், சாய்ந்த துளையில். நாற்காலிக் கால்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்பவை. அந்தச் சாய்வில் ஒரு பல் மட்டும் முதலில் மரத்தைத் தொட்டு, பிட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். அதே கோணத்தில் துளை போட்ட ஒரு மரக்கட்டையை வழிகாட்டியாக இறுக்கி வைத்தால் இது சரியாகிவிடும்.

ஃபார்ஸ்ட்னர் பிறந்ததே வேறு யோசனையில். அமெரிக்காவின் ஓரிகனில் துப்பாக்கி வேலை செய்த பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874ல் காப்புரிமை வாங்கிய பிட் அது. அதை வழிநடத்துவது நடு முனை அல்ல, வட்டமான விளிம்பு. அதனால்தான் சாய்ந்து இறங்கினாலும் விலகாது, துளையின் அடியும் தட்டையாக வரும். இருக்கைப் பலகை மெல்லியதாக இருந்து மேற்பக்கம் துளை தெரியக்கூடாது என்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் சீவலைத் தூக்கிவிட அதில் வழியில்லை, விளிம்பு சுவரோடு உரசிக்கொண்டே சுற்றும். ரப்பர் மரம் காய்ந்த நிலையில் கனமீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ, அதில் பரவாயில்லை. பழைய வீட்டு உத்தரத்திலிருந்து வரும் செங்கால் (chengal) என்ற கடின மரம் 900 கிலோவைத் தாண்டும். அதில் வேகமாகவும் விடாமலும் அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். சாதாரண கார்பன் எஃகு என்றால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது, திரும்ப வராது. ஹை ஸ்பீட் ஸ்டீல் இந்தச் சூட்டைத் தாங்கும், ஆகவே செங்காலுக்கு அதைத்தான் வாங்க வேண்டும். 25 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்கு 500 சுற்று போதும், அதையும் நிற்கும் டிரில் மெஷினில் போடுங்கள்.

தட்டையான அலகு கொண்ட ஸ்பேட் பிட்டை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதன் மேல் மரியாதை இருக்கிறது. அதன் நீண்ட முனை சாய்ந்த பலகையிலும் நழுவாமல் குத்தி நிற்கும். விலையும் குறைவு, தட்டையான அரம் ஒன்றிருந்தால் வீட்டிலேயே தீட்டலாம். அந்த முனையே பலகையின் மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும் என்பதுதான் பிரச்சினை. துளைச் சுவரும் கொஞ்சம் சொரசொரப்புதான்.

சரி, எது கூராக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு துண்டு ரப்பர் மரத்தில் துளை போட்டு, துளையின் நடுவாக ரம்பத்தால் பிளந்து பாருங்கள். நல்ல பிட் போட்ட சுவர் விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். மழுங்கியது போட்ட சுவரில், நாரின் வெட்டுமுனை தெரியும் இரண்டு பக்கமும் பஞ்சுபோல் எழும்பி நிற்கும். பிளக்க நேரமில்லையா, வெளியே வருவதைக் கவனியுங்கள். சீவல் வந்தால் பிட் உயிரோடு இருக்கிறது. மாவாக வந்து, கருகிய வாசனையும் அடித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

தீட்டுவதில் எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளிப்பக்கத்தில் அரம் படக்கூடாது. பட்டால் பிட்டின் அளவு குறையும், கழுந்து உள்ளே போகாது. பிராட் பாயிண்டின் பற்களையும் ஃபார்ஸ்ட்னரின் விளிம்பையும் உட்பக்கமாக மட்டுமே தொட வேண்டும், சின்ன வைர அரம் வசதி. ஸ்பேட் பிட்டில் இரண்டு வெட்டு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கும்படி இரு பக்கமும் சமமாகத் தேய்க்க வேண்டும்.

பினாங்கின் கடல்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒட்டியிருக்கும் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மெஷின் எண்ணெய் லேசாகத் தடவி வையுங்கள். அடுத்த முறை முதல் துளையைக் கழிவுக் கட்டையில் போட்டுவிடுங்கள், எண்ணெய் பட்ட சுவரில் பசை ஒட்டாது.

வாங்குவதற்கு முன் கழுந்தை அளந்துகொள்ளுங்கள். அரை அங்குலக் கழுந்து 12.7 மில்லிமீட்டர், அதை 12 மில்லிமீட்டர் துளையில் அடித்தால் பலகை பிளக்கும். நாற்காலி செய்யத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: ஹை ஸ்பீட் ஸ்டீலில் இரண்டு அளவு பிராட் பாயிண்ட், காலின் அளவுக்கு ஒரே ஒரு ஃபார்ஸ்ட்னர். பத்துப் பதினைந்து பிட் அடுக்கிய மலிவான பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை இந்த மூன்றில் போடுங்கள்.