ஒரு போன், 38 அட்டைகள்: இரண்டு வருஷ பி.எட். படிப்பில் என்னோடு தங்கிய செயலிகள்

பி.எட். சேர்ந்த முதல் வாரமே போனில் "டீச்சிங்" என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். யார் எந்தச் செயலியைச் சொன்னாலும் அதற்குள் இறக்கி வைத்துவிடுவேன். இரண்டு வருஷத்தில் இருபதுக்கும் மேல் வந்து போயிற்று, இன்றைக்கு அதில் ஐந்துதான் இருக்கிறது. எது தங்கியது, எது ஏன் போனது என்று பயன்படுத்திப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இந்த வருஷம் பள்ளிப் பயிற்சிக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

என் ஊர் காங்கேயம் பக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பி.எட். வந்தேன். இரண்டாம் வருஷம் பதினாறு வாரப் பயிற்சி திருப்பூரை ஒட்டின ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில். ஒன்பதாம் வகுப்பில் 38 பேர், பெரும்பாலும் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் ஒரு போன் இருக்கும், அது அப்பாவோடோ அம்மாவோடோ ஷிப்டுக்குப் போய்விடும். பள்ளிக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவரவே கூடாது. இந்த மூன்று வரி நிலவரத்தை நான் முதலிலேயே யோசித்திருந்தால் பாதிச் செயலிகளை இறக்கியே இருக்க மாட்டேன்.

காலேஜில் மைக்ரோ டீச்சிங் (கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக வைத்துச் சின்னப் பாடம் எடுத்துப் பழகுவது) நடந்தபோது ஒரு வினாடி வினா செயலியை வைத்துப் பாடம் எடுத்தேன். ஆளுக்கொரு போன், திரையில் பெயர்கள் மேலே கீழே ஏறி இறங்கும், பாட்டு ஓடும். எல்லோரும் கைதட்டினார்கள், எங்கள் மேடமும் பாராட்டினார். அதையே பள்ளிக்குக் கொண்டுபோனபோது கதை வேறு. ஹைடெக் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் உட்கார வேண்டியிருந்தது. மவுஸ் யார் கையிலோ அவன்தான் பதில் சொல்வான், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். சீக்கிரம் அமுக்கினால் கூடுதல் மதிப்பெண் என்பதால் கேள்வியைப் படிக்காமலே அமுக்கினார்கள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த விளையாட்டில் இடமே இல்லை. கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருந்தும் கடைசி இடத்தில் பெயர் வருவதைப் பார்த்த ஒரு பையன் முகம் வாடிப்போனதை நான் நேரில் பார்த்தேன், அந்த வாரமே அதை போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் கிடைத்ததுதான் பிளிக்கர்ஸ். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இதில் பிள்ளைகள் கையில் போன் வேண்டாம், ஒரு காகித அட்டை போதும். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டங்களாக ஒரு வடிவம், நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. பிள்ளை தன் பதிலுக்கான எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்கும். நான் போன் கேமராவை வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெதுவாக நகர்த்தினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பையன் எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பார்த்துக் காப்பி அடிக்க முடியாது. நெட் என் ஒரு போனுக்கு இருந்தால் போதும். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஒரு தாளுக்கு இரண்டாக 20 தாள். இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விகள்தான் போட முடியும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள், ஆனால் 40 நிமிஷப் பீரியடில் ஐந்து கேள்விக்கு மேல் கேட்டால் பாடம் எப்போது நடத்துவது?

அட்டை செய்வதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கிழியாமல் இருக்கட்டும் என்று நான் லேமினேஷன் போட்டுவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த எட்டுப் பேர் அட்டையும் வெளிச்சத்தில் பளபளத்து, கேமராவுக்குத் தெரியவே இல்லை. காசும் போயிற்று. அப்புறம் வீட்டில் பரண் மேல் கட்டி வைத்திருந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தேன். நம் பக்கத்துப் பத்திரிகைகள் எவ்வளவு தடிமன் என்று தெரியும்தானே. எழுத்து இல்லாத பக்கத்தில் சாதாரண ஜெராக்ஸ் தாளை ஒட்டி வெட்டினோம், அப்புச்சி (அம்மாவின் அப்பா) பசை தடவிக் கொடுத்தார். பதினாறு வாரத்தில் இரண்டு அட்டைதான் கிழிந்தது. இன்னொன்று, விரல் கட்டத்தின் மேல் படக் கூடாது, ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பழக்க இரண்டு வகுப்பு ஆகும். மூன்றாவது வகுப்பில் நான் உள்ளே நுழையும்போதே "ஏனுங் டீச்சர், இன்னைக்கு அட்டை உண்டுங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மின்னூட்டமும் மின்னோட்டமும் பாடம். ஒரு பேட்டரி, தொடராக இரண்டு ஒரே மாதிரி பல்பு, எது அதிகமாக எரியும்? ஏ என்றால் முதல் பல்பு, பி என்றால் இரண்டாவது, சி என்றால் இரண்டும் ஒரே அளவு, டி என்றால் இரண்டுமே எரியாது. 38 பேரில் 24 பேர் ஏ. மின்னோட்டத்தை முதல் பல்பு கொஞ்சம் தின்றுவிடும், மீதிதான் அடுத்ததற்கு வரும் என்று நினைக்கிறார்கள். இதை வெறும் கேள்வியாகக் கேட்டிருந்தால் முன் பெஞ்சில் இரண்டு பேர் "சேம் டீச்சர்" என்று சொல்லியிருப்பார்கள், நானும் வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். 24 என்ற எண்ணைத் திரையில் பார்த்தபோது எனக்கு மனசுக்குள் ஒரு அதிர்ச்சி.

அன்று 17-ஆம் அட்டை சி காட்டியது. கடைசி பெஞ்ச்சில், அதுவரை ஒரு நாள்கூட கை தூக்காத பெண். பெயர் சொல்லிக் கூப்பிடாமல், சி சொன்னவர்களில் யாராவது காரணம் சொல்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்டேன், பதில் இல்லை. பீரியட் முடிந்து அவளிடம் போய் மெதுவாகக் கேட்டதற்கு, "வாய்க்கால்ல நடுவுல மடை திறக்காத வரைக்கும் முன்னால ஓடுற தண்ணிதானுங்க டீச்சர் பின்னாலயும் ஓடும்" என்றாள். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பில் இவ்வளவு நல்ல உதாரணம் இல்லை. அடுத்த நாள் அவளையே வகுப்பில் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

அந்த அடுத்த நாளில்தான் ஃபெட் (PhET) உதவியது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிற, கம்ப்யூட்டர் திரையிலேயே செய்து பார்க்கிற இலவச அறிவியல் சோதனைகள் இவை. 2001-இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கினார். வகுப்புக்கு இதில் முக்கியமான வசதி, ஒரு சோதனையை ஒற்றைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும். தமிழிலும் பல சோதனைகள் இருக்கின்றன. தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை என்பதால் சொற்கள் நம் பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். நான் முதலில் நிஜ டார்ச் பல்பு இரண்டையும் பேட்டரியையும் இணைத்துக் காட்டினேன், இரண்டும் ஒரே மாதிரி எரிந்தது. "ஏன்?" என்ற கேள்வி எழுந்த பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். அதில் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடும், பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். கரன்ட் போய் புரொஜெக்டர் அணைந்துவிட்டது, பரவாயில்லை என்று ஆறு ஆறு பேராக லேப்டாப்பைச் சுற்றி வரவழைத்தேன், அதுவே நன்றாக இருந்தது. ஒரு பல்பைத் திரையில் கழற்றிவிட்டதும் இன்னொன்றும் அணைய, ஒரு பையன் "மாரியம்மன் கோயில் நோம்பில போடற சீரியல் செட்டுங்க!" என்று கத்தினான். அதற்கு மேல் நான் தொடர் இணைப்பை விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றி அன்று மறுபடி அட்டையில் கேட்டபோது ஏ சொன்னவர்கள் ஐந்து பேர். அந்த ஐந்து நம்பரையும் குறித்துக்கொண்டு மதியம் தனியாக உட்கார்ந்தோம்.

இங்கே ஒரு வார்த்தை. எந்தச் செயலியிலும் பிள்ளைகளின் முழுப் பெயர், போட்டோ, பெற்றோர் போன் நம்பர் எதையும் ஏற்றாதீர்கள். நான் வரிசை எண் மட்டும்தான் போட்டேன். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் பிள்ளைகள் விவரம்.

வகுப்பில் பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். தமிழ் நன்றாகப் பேசுவான், படிப்பதுதான் கஷ்டம். அவனுக்காக ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் பாட வரிகளை இந்திக்கு மாற்றிக் கொடுத்தேன். "மின்தடை" என்ற இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தான். கரன்ட் கட் ஆவதைப் பற்றிப் பாடமா என்று கேட்டான். பாடத்தில் மின்தடை என்றால் மின்னோட்டத்தை எதிர்க்கிற தன்மை. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், செயலி கரன்ட் கட்டை எடுத்துக்கொண்டுவிட்டது. நான் இந்தி தெரிந்தவள் இல்லை, அவன் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதற்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற பத்தாம் வகுப்பு இந்தி அறிவியல் புத்தகத்தை இறக்கி, அதில் மின்சாரப் பாடத்தை அவனையே வாசிக்க வைத்து, ஒரு நோட்டில் இரண்டு பத்தியாகச் சொற்பட்டியல் போட்டோம். மின்தடை என்றால் பிரதிரோத், மின்னோட்டம் என்றால் வித்யுத் தாரா. பேசுவதற்குச் செயலி போதும், பாடச் சொல்லுக்குப் பாடப்புத்தகத்தைத்தான் நம்ப வேண்டும்.

அரசின் தீக்ஷா செயலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, புத்தகத்தில் இருக்கிற கியூ.ஆர். கோடுக்கு அது வேண்டும், வீட்டில் வைஃபை இருக்கும்போதே வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் பாடக்குறிப்பு எழுதச் சொன்னால் பார்க்க அழகாக எழுதித் தரும், ஆனால் அதில் இருக்கிற வகுப்பு நம் வகுப்பு இல்லை. நான் அதைக் கேள்விகளுக்குத் தவறான விடைகள் யோசிக்க மட்டும் பயன்படுத்துகிறேன். அதிலும் பாதியை அடித்துவிட்டு, பிள்ளைகள் நோட்டில் உண்மையாகச் செய்த தவறுகளை எடுத்துப் போடுகிறேன்.

எனக்கென்று தங்கியது ஆங்கி, கேள்வி முன்னாலும் பதில் பின்னாலுமாகத் திரையில் அட்டை காட்டி மனப்பாடம் செய்ய வைக்கிற செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. மனோவியல் தாளில் படித்தது நாளாக நாளாக எப்படி மறந்துபோகிறது என்று காட்டும் எபிங்ஹாஸின் மறதி வளைகோடு என்று படிக்கிறோமே, 1885-இல் அவர் சொன்னதைத்தான் இது வேலையாகச் செய்கிறது. மறக்கப்போகிற நேரம் பார்த்து அட்டையை மறுபடி காட்டும், தெரிந்தது என்று அமுக்கினால் தள்ளிப் போடும், மறந்தது என்றால் உடனே கொண்டுவரும். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 கேள்வி, அதில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும். முதலில் குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளையும் ஒரே அட்டையில் எழுதி வைத்தேன், பார்க்கும்போதெல்லாம் பாதி தெரியும், பாதி தெரியாது, எந்தப் பட்டனை அமுக்குவது என்றே குழப்பம். "புலன் இயக்க நிலை எந்த வயது வரை?" என்று முன்னால், "2 வயது" என்று பின்னால், இப்படி உடைத்த பிறகுதான் மனதில் நின்றது. நாளைக்குப் பதினைந்து புது அட்டை, அதற்கு மேல் வேண்டாம். நாலு நாள் விட்டால் முந்நூறு சேர்ந்து நிற்கும். காங்கேயத்தில் பஸ் ஏறினால் படியூர் தாண்டுவதற்குள் அன்றைய அட்டைகளை முடித்துவிடுவேன், அதற்கப்புறம் கூட்டம் ஏறிவிடும்.

ஐந்தாவது ஒரு செயலி என்பதைவிட ஒரு பழக்கம், தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். "பக்கம்" என்று அடிக்க ப, க, க, ம, புள்ளி, ஐந்தே அழுத்தல், நடுவில் க்-க்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஒரு மாதம் விரல் வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளை டி.டி.பி. கடையில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்து வாங்கினால் போனில் திறக்கும்போது ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும், அடுத்த வருஷம் அதில் ஒரு கேள்வியைக்கூட நகல் எடுக்க முடியாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் நாமே அடித்தால் அது நம் கையில் இருக்கும்.

கையில் இருப்பது என்றதும் நினைவு வருகிறது. ஆன்லைன் வெண்பலகை ஒன்றில் முதல் வருஷம் முழுக்கப் படங்கள் வரைந்து வைத்திருந்தேன். அந்தச் சேவையையே மூடுகிறோம் என்று மெயில் வந்ததை, தேர்வு நேரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன். எல்லாம் போயிற்று. இப்போது எதை எந்தச் செயலியில் செய்தாலும் மாசக் கடைசியில் பி.டி.எஃப். ஆக எடுத்து பென் டிரைவில் போட்டு வைக்கிறேன்.

பயிற்சி முடிந்த கடைசி நாள் அந்த 38 அட்டைகளையும் ரப்பர் பேண்ட் போட்டு வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்தேன், அவர் போனில் செயலியை ஏற்றி ஒரு தடவை நடத்தியும் காட்டினோம். அட்டைகளைப் பிரித்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கிற வேலையை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் கடைசி பெஞ்ச்சிலிருந்து 17-ஆம் நம்பர் கை தூக்கியது.