"இறக்கம்தான் சார், குழந்தைங்க ஓடியே போயிரும்": வட்டக்கானல் முதல் கும்பக்கரை வரை நாங்கள் ஏமாந்த கதை

குழந்தைகளோடு கொடைக்கானல் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பிப்ரவரி கடைசி வாரம் நானும் மனைவியும், 9 வயது மகனும் 6 வயது மகளுமாகப் போய், வட்டக்கானல் பக்கம் அறை எடுத்திருந்தோம். அறையைப் பார்த்துக்கொள்பவர் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். டால்பின் நோஸ் என்கிற பாறை முனை வழியாக வெள்ளகவி கிராமம், அங்கே மதியச் சாப்பாடு, அப்புறம் கும்பக்கரை அருவி. அடிவாரத்தில் ஜீப் நிற்கும், சாயங்காலத்துக்குள் திரும்ப அறையிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார் அந்த ஆள். வனத்துறை அனுமதி, கூடவே கடைசி வரை வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். 4,000 அப்போதே ஜிபேயில் அனுப்பினேன்.

"சின்னப் பிள்ளைங்க நடக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"முழுக்க இறக்கம்தான் மேடம். வெள்ளைக்காரன் காலத்துல குடும்பம் குடும்பமா இதே வழியிலதான் கொடைக்கானலுக்கே வந்தாங்க."

அது உண்மைதான். வத்தலகுண்டு வழி மலைச்சாலை வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் பாதை இதுதான். ஆனால் அந்தக் குழந்தைகளை டோலியிலும் நாற்காலியிலும் ஆட்கள் சுமந்துகொண்டு வந்தார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

காலை 7 மணிக்கு வருவதாகச் சொன்னவர் 9.40-க்கு வந்தார். வந்தவரும் நடக்கப் போகிறவர் இல்லையாம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் காட்டி, "இவன் காட்டுலயே வளர்ந்தவன் சார்" என்றார். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டேன். நான்காக மடித்த தாளை நீட்டினார். அரசு முத்திரை, கியூஆர் கோடு, தேதி எல்லாம் இருந்தது. வாங்கி பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பிரித்து ஒரு வரியாவது படித்திருக்கலாம்.

டால்பின் நோஸ் வரை வேர்ப் படிக்கட்டு. அதுவரை மகள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். அதற்குக் கீழேதான் இறக்கம் செங்குத்தாகிறது. உருளும் கல், சருகு, ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை. ஒவ்வொரு அடியிலும் கால் விரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும். பெரியவர்களுக்கு முழங்கால் போகும், குழந்தைகளுக்கு விரல் போகும். வழிகாட்டிப் பையன் ஒரு தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டு வரவில்லை. எங்கள் தண்ணீரையே குடித்துக்கொண்டு, அம்பது அடி முன்னால் போனில் பாட்டுக் கேட்டபடி நடந்தான்.

வெள்ளகவி சேரும்போது மணி 2 தாண்டிவிட்டது. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. திரும்பிய பக்கமெல்லாம் கோயில், ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். நாங்களும் ஷூவைக் கழற்றினோம். மகளின் வலது கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டி நாவல்பழ நிறத்தில் இருந்தது. சாப்பாட்டுக்கு யாரிடமும் சொல்லிவைக்கவே இல்லை. ஒரு பாட்டிதான் பார்த்துவிட்டு, கட்டங்காப்பியும் இருந்த சோற்றில் ரசமும் ஊற்றிக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று பெரிய சண்டை.

சாப்பிட்டு எழுந்தால் பையன் கிளம்பி நிற்கிறான். மேலே போவதற்கு!

"எனக்கு இதுவரைக்கும்தான் சார் பேசுனாரு. இங்கேருந்து ஒரே பாதைதான், தவற வழியே இல்ல. கீழ ஜீப் நிக்கும்."

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் எனக்கு அங்கேதான் புரிந்தது. ஏறும் மலையில் முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். இறங்கும் மலையில் களைத்த பிறகு திரும்புவது என்றால் அத்தனையும் ஏற வேண்டும். பையனுக்கு அது ஒன்றரை மணி நேர நடை, எங்களுக்கு நடக்காத காரியம். கார் மேலே, ஜீப் கீழே, செல்போனில் சிக்னல் இல்லை. அந்த இடத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"இந்நேரத்துக்கு மேல புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இறங்காதீக தம்பி, ஆனை வர்ற தடம்" என்றார் பாட்டி. ஊரிலேயே தங்கிவிடலாமா என்று யோசித்தோம். ஜீப்காரர் காத்திருப்பாரே என்ற நினைப்பு வேறு, நாங்கள் அவ்வளவு நல்லவர்கள். நல்லவேளை, பெரியகுளத்துக்கு இறங்கவிருந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தார். பாதி வழி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டதும் அவர்தான். வழியில் யானைச் சாணம் கிடந்தது. குனிந்து பார்த்தவர், "காலையில போட்டது, பயப்படாதீக" என்றார். அதற்கப்புறம் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கும்பக்கரை வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அருவிக்கு வரும் கூட்டமெல்லாம் போய், வாசலைச் சாத்தியிருந்தார்கள். ஜீப் இல்லை. காவலுக்கு இருந்த வனத்துறை ஊழியர் டார்ச் அடித்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். பெருமையாக அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், இது இ-பாஸ். யாரோ கேரளா வண்டிக்கு எடுத்தது."

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் வரும் எல்லோரும் எடுக்கிறோமே, அதே இ-பாஸ். எங்கள் காருக்கும் மூன்று நாள் முன்பு என் கையால் எடுத்திருந்தேன்!

அவர் அபராதம் போட்டிருக்கலாம், போடவில்லை. திட்டு மட்டும் விழுந்தது. காடு காய்ந்து கிடக்கும் தீக்காலம், மலையேற்றத்தை நிறுத்திவைக்கும் நேரம், இப்போது யார் அனுமதி கொடுப்பார்கள் என்றார். "குரங்கணி மறந்துபோச்சா?" என்றும் கேட்டார். 2018 மார்ச்சில் இதே தேனி மாவட்டத்தில் மலையேறப் போய்க் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. வாயைத் திறக்க எனக்கு முகமில்லை.

அவரே போன் செய்து ஆட்டோ வரவழைத்தார். பெரியகுளத்தில் அறைக்கு 1,800. மறுநாள் மேலே போய்க் காரை எடுக்க டாக்சிக்கு 3,500. அந்த ஆளின் போன் அன்று முழுக்க அணைந்திருந்தது. மறுநாள் எடுத்து, "ஜீப் மூணு மணி வரைக்கும் நின்னுச்சு, நீங்கதான் லேட்டு" என்றார். காலையில் 9.40-க்கு வந்ததை ஞாபகப்படுத்தியதும் 500 ரூபாய் திருப்பி அனுப்பிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு அவர் யாரென்றே தெரியாதாம்.

போகத்தான் வேண்டும் என்றால் வனத்துறையே நடத்தும் டிரெக் தமிழ்நாடு தளத்தில், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த வயதுக்கு மேல் அனுமதி என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். வேறு யாராவது சீட்டு நீட்டினால் அதில் உங்கள் பெயரும், பாதையின் பெயரும், அன்றைய தேதியும் இருக்கிறதா என்று நின்று படியுங்கள். கடைசி வரை கூட வரும் ஆளை முதல் நாளே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். பாதிப் பணத்தையாவது அடிவாரத்தில் கொடுங்கள். குழந்தைகளுக்குக் கால் நகத்தை முந்தின நாள் ஒட்ட வெட்டிவிட்டு, ஷூ நாடாவைக் கணுக்காலோடு இறுக்கிக் கட்டுங்கள்.

மகளின் கட்டைவிரல் நகம் முந்தாநாள்தான் முழுசாகக் கழன்றது. அதைத் தீப்பெட்டியில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள்.