தொண்டு செய்யப் பணம் கட்டும் முன்: உகாண்டாவில் எனக்கு நடந்தது

நர்சிங் முடித்தவர்கள், மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் தயவுசெய்து இதைப் படியுங்கள். ‘ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஆறு வாரம் மருத்துவத் தொண்டு’ என்ற விளம்பரத்தை நம்பி நான் பணம் கட்டினேன். நீங்கள் கட்டிவிடாதீர்கள்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். விளம்பரம் கொடுத்த நிறுவனத்துக்கு டிக்கெட் செலவு போக 1,85,000 ரூபாய் கட்டினேன். மூன்று வருடச் சேமிப்பு அது. பாதிப் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும், டாக்டர் மேற்பார்வையில்தான் வேலை, அனுமதி எல்லாம் நாங்களே வாங்கிவிடுவோம் என்று போனில் பேசியவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். டூரிஸ்ட் விசா போதும் என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்டெபே விமான நிலையத்தில் இறங்கி, ஜின்ஜா நகரத்தைத் தாண்டி, செம்மண் ரோட்டில் போய்ச் சேர்ந்தால், அவர்கள் சொன்ன ‘மருத்துவமனை’ ஒரு மூன்றாம் நிலை அரசு சுகாதார நிலையம். அந்த நாட்டில் மூன்றாம் நிலையை நடத்துவது கிளினிக்கல் ஆபீசர், அதாவது டாக்டர் இல்லாமல், டிப்ளமோ படித்து நோயாளி பார்ப்பவர். டாக்டர் பணியிடம் அதற்கு மேலே உள்ள நான்காம் நிலையில்தான் உண்டு. ஆக, டாக்டர் மேற்பார்வை என்று சொன்னதே பொய். கிளினிக்கல் ஆபீசரை நான் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து இருட்டும்வரை வரிசை குறையாமல் நோயாளி பார்ப்பவர், எங்களை எப்போது கண்காணிப்பார்?

என்னோடு வந்த ஐந்து பேரில் மூன்று பேர் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள். மருத்துவத்தில் எந்தப் பயிற்சியும் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தார்கள். டாக்டரோ நர்ஸோ, அங்கே மக்களுக்கு எல்லோருமே ‘முசாவோ’தான். கோட்டைப் பார்த்ததும் தாய்மார்கள் முசாவோ, முசாவோ என்று பிள்ளையின் கையை நம்பி நீட்டுகிறார்கள்.

இரண்டாவது வாரம், காய்ச்சலோடு ஒரு இரண்டு வயதுக் குழந்தை வந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் விரலில் குத்தி மலேரியா பரிசோதனைப் பட்டையில் இரத்தம் விட்டான். அதைப் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். கூட்டத்தின் அவசரத்தில் மூன்று நிமிடத்திலேயே ஒரு கோடுதான் தெரிகிறது, மலேரியா இல்லை என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டான். சற்று நேரம் கழித்து மேஜையைத் துடைக்கப் போன நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். மங்கலாக இரண்டாவது கோடு, அதாவது மலேரியா. எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. வெளியே ஓடினேன், ஆளைக் காணோம். நோய் விவரத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி நோயாளியிடமே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம், அந்த நோட்டும் தாயோடு போய்விட்டது. நல்லவேளை, பதிவேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. கிராம சுகாதாரத் தொண்டர் ஒருவர் ‘போடா போடா’ என்று அங்கே சொல்கிற வாடகை பைக்கில் போய்த் தேடி, சாயங்காலம் தாயையும் பிள்ளையையும் கூட்டி வந்தார். பதினொரு கிலோ எடை. கோவார்ட்டம் என்ற மலேரியா மருந்தின் முதல் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தபோது அந்தத் தாய் எனக்கு நன்றி சொன்னாள். அதை இன்றுவரை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அன்று ராத்திரி கிளினிக்கல் ஆபீசரிடம் பேசினேன். “உங்களுக்கு அந்த நிறுவனம் மாதம் எவ்வளவு சம்பளம் தருகிறது?” என்று கேட்டார். நாங்கள்தான் பணம் கட்டி வந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, ஸ்டோர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அந்த வருடம் முழுவதும் நிறுவனத்திடமிருந்து வந்தது கையுறைப் பெட்டி நான்கு. பிரசவத்துக்கு வருகிற பெண்ணே கையுறை வாங்கிக்கொண்டு வருகிற இடம் அது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அங்கே நோயாளியைத் தொட வேண்டுமானால் உகாண்டா நர்சிங் கவுன்சிலில் நான் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனம் விண்ணப்பம்கூடப் போடவில்லை. மறுநாளிலிருந்து ஊசியைத் தொடவில்லை. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, துடைப்பது என்று மிச்ச நாளை ஓட்டினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘நன்கொடை திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கொண்டு வரச் சொன்ன மருந்துப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். எங்களிடம் சேர்த்து வாங்கியதில் பலவற்றுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

இப்படி யாராவது கூப்பிட்டால், அந்தச் சுகாதார நிலையத்தின் பொறுப்பாளரோடு நேரில் பேச வையுங்கள் என்று முதலில் கேளுங்கள். அவரிடம் எவ்வளவு பணம் வந்து சேர்கிறது என்று கேளுங்கள். கவுன்சில் பதிவுக் கடிதம் உங்கள் பெயரில் கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். மருத்துவம் படிக்காத பிள்ளைகளையும் நோயாளி பக்கத்தில் விடுவோம் என்று ஒரு இடம் சொன்னால், அங்கே போகவே வேண்டாம்.

போன வாரம் அந்தக் கிளினிக்கல் ஆபீசர் வாட்ஸப்பில் எழுதியிருந்தார். அடுத்த மாதம் எட்டுப் பேர் வருகிறார்களாம், அதில் இரண்டு பேர் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளாம். யாரென்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்தால், தயவுசெய்து இதை அனுப்பி வையுங்கள்.