பிராய்லர் தீவனத்துக்கு எமல்சிஃபையரா, பேசில்லஸா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்து பிராய்லர் வளர்க்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: எண்ணெய் நன்றாகச் செரிக்க எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள்) போடலாமா, பேசில்லஸ் (குடலுக்கு நல்லது செய்யும் ஒரு பாக்டீரியா) போடலாமா? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் பேசில்லஸில் நிற்கிறேன்.

இரண்டுக்கும் அடிப்படை பித்தநீர்தான். கோழியின் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் தயாரித்து, அதோடு டாரின் என்ற அமினோ அமிலத்தைக் கோத்துக் குடலுக்கு அனுப்புகிறது. டாரின் ஒட்டியிருக்கும்வரை எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையை அது செய்யும். குடலில் இருக்கும் பல பாக்டீரியாக்களிடம் டாரினைக் கழற்றிவிடும் நொதி உண்டு. கழன்றுபோன பித்தத்துக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி குறைவு. கரையாத எண்ணெய் எச்சத்தோடு வெளியே போய்விடும். பணமும் அதோடு போகும்.

ஒரு காலத்தில் எடை கூடுவதற்குத் தீவனத்தில் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் போட்டார்கள். நொதி வைத்திருக்கும் கிருமிகள் குறைவதால் கொழுப்பு நன்றாகச் செரித்தது. எடை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் போடுவதை அடியோடு நிறுத்தியது. நம் நாட்டில் 2019-இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கும் கால்நடைக்கும் கொடுக்கத் தடை வந்தது. எருவோடு சேர்ந்து மருந்துக்கு அடங்காத கிருமியும் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகும் என்பதால் அந்த வழி எனக்கு வேண்டவே வேண்டாம்.

எமல்சிஃபையர் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் லைசோலெசித்தின். பித்தம் செய்கிற வேலைக்கு அது கைகொடுக்கும். பித்தம் குறைவாகச் சுரக்கிற முதல் இரண்டு வாரக் குஞ்சுகளுக்கும், பாமாயில் தூக்கலாகப் போடுகிற தீவனத்துக்கும் நல்ல துணை. சேமிப்பதிலும் தொல்லை இல்லை. ஆனால் டாரினைக் கழற்றுகிற கூட்டத்தை அது ஒன்றும் செய்வதில்லை.

பேசில்லஸ் சப்டிலிஸ் அந்தக் கூட்டத்தின் மேலேயே கை வைக்கிறது. குடல் அழற்சிக்குப் பேர்போன கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸிடமும் அந்த நொதி உண்டு. அது பெருகாமல் பேசில்லஸ் அடக்குகிறது. ‘நல்ல பாக்டீரியா’ என்று லாக்டோபேசில்லஸ் வாங்கினால் இந்தக் கணக்கு நேராக வராது. அதில் பல வகைகளுக்கு டாரினைக் கழற்றும் பழக்கம் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் அதைக் காப்பாற்றுவதும் பாடு. பேசில்லஸ் கெட்டி உறைக்குள் உறங்கும் வித்தாக (ஸ்போர்) இருப்பதால் சூட்டைத் தாங்கும்.

எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு முடிவு சொன்னது கொட்டகைத் தரையில் பரப்பும் கூளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டகைக் காற்றே ஈரமாக இருக்கும். அதோடு எண்ணெய்ப் பிசுக்குள்ள எச்சமும் விழுந்தால் தென்னை நார்க்கழிவு இறுகி அடை தட்டிவிடும். மேலே பளபளவென்று ஒரு ஏடு. கீழே நீர் காயாது. கோழியின் பாதம் புண்ணாகும், அமோனியா கண்ணை எரிக்கும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலை விரியுங்கள். உதிர்ந்தால் சரி, உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். எமல்சிஃபையர் போட்ட பேட்ச்சில் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் உருண்டை பிடித்தது. பேசில்லஸ் போட்டபோது அதே இடம் பொலபொலவென்று இருந்தது. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் சொட்டினால் எந்தப் பொடியும் உதவாது, அதை முதலில் பாருங்கள்.

கூளம் எனக்கு வெறும் சுத்தப் பிரச்சினை இல்லை, அது வருமானம். களக்காட்டில் ஏத்தன் வாழை போடுகிறவர்கள் காய்ந்து உதிர்கிற எருவென்றால் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போகிறார்கள். கட்டி தட்டியதை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். குஞ்சு விலையும் தீவன விலையும் நம் கையில் இல்லாத தொழிலில், ஆளைவிட்டுக் கூளம் கிளறும் கூலி மிச்சப்படுவதும் எரு நல்ல விலைக்குப் போவதும் பெரிய விஷயம்.

நான் போடுவது தவிட்டு எண்ணெய். பாமாயில் அதிகம் போடுகிறவர்கள் முதல் இரண்டு வாரம் எமல்சிஃபையரும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. முட்டைக் கோழிக்கு நான் எதையும் கொடுத்துப் பார்த்ததில்லை. பன்றி வளர்க்கிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம்: அதன் பித்த அமிலங்களே வேறு, டாரினைவிட கிளைசின் கோத்ததுதான் அதிகம். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.