வீலில் படியும் பிரேக் தூசு: கழுவுவதா, பூச்சு கொடுப்பதா, பேடை மாற்றுவதா?

கழுவித் துடைத்து நிறுத்திய காரின் அலாய் வீலில், நான்கைந்து நாள் ஓட்டத்துக்குப் பிறகு விரலை வைத்து இழுத்துப் பார்த்தால், விரல் நுனியில் கரும்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற ஒன்று ஒட்டிக்கொள்ளும். சாலைப் புழுதி இப்படி இருப்பதில்லை. அது வெளிறிய நிறத்தில் இருக்கும், தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். பிரேக் தூசு அவ்வளவு எளிதில் விடுவதில்லை. இதற்கு இன்று மூன்று வழிகள் பேசப்படுகின்றன: படிந்ததைக் கழுவி எடுப்பது, ஒட்டாதபடி வீலுக்குப் பூச்சு கொடுப்பது, தூசு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பது. மூன்றையும் என் கார்களில் செய்து பார்த்திருக்கிறேன். எந்தக் கரைசல் எவ்வளவு வலிமையானது என்பதைவிட, தூசு வீலில் எத்தனை நாள் தங்குகிறது என்பதே பெரிய கேள்வி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் அந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

பிரேக்கை மிதிக்கும்போது காலிப்பர் என்ற கவ்வி, வீலோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டின் இருபுறமும் பேடுகள் எனப்படும் உராய்வுக் கட்டைகளை அழுத்துகிறது. தேய்வது பேட் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்கும் சேர்ந்தே தேய்கிறது. பெரும்பாலான டிஸ்குகள் சாம்பல் வார்ப்பிரும்பில் செய்யப்படுபவை, அதில் 90 சதவீதத்துக்கும் மேல் இரும்புதான். ஆகவே வீலில் வந்து அமரும் தூசில் நுண்ணிய இரும்புத் துகள்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றோடு பேடின் பிசினும் கார்பனும் கலந்திருக்கின்றன. உராய்வின் சூட்டோடு வந்து ஒட்டும் இந்தத் துகள்கள், பனியோ மழையோ பட்டதும் துருப்பிடித்து, வீலின் மேலிருக்கும் நிறமற்ற வார்னிஷ் படலத்தைப் பற்றிக்கொள்கின்றன. முதல் வாரத்தில் தூசாக இருப்பது, கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக மாறிவிடும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்புறம் சாய்வதால் முன் பிரேக்குகளே அதிக வேலை செய்கின்றன; முன் வீல்கள் பின் வீல்களைவிடக் கறுத்துத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

கழுவும் கரைசல்களில் முதலில் சொல்ல வேண்டியது சாதாரணக் கார் ஷாம்பு. இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் வாரம் ஒருமுறை கழுவப்படும் வீலுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரு வாளி நுரை, மென்மையான பிரஷ், வீலுக்கென்றே ஒதுக்கிய ஒரு துணி ஆகியவை போதும். அந்தத் துணி காரின் உடல்பகுதிக்கு ஒருபோதும் போகக் கூடாது. அதில் சிக்கியிருக்கும் இரும்புத் துகள் பெயின்ட்டில் வட்ட வட்டமாகக் கீறல் போட்டுவிடும். ஷாம்புவின் எல்லை எங்கே வருகிறது என்றால், துகள் வார்னிஷைப் பற்றிக்கொண்ட பிறகுதான். அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் அழுக்கு போவதைவிட வார்னிஷ் தேய்வதே அதிகம்.

அந்த இடத்தில்தான் அயர்ன் ரிமூவர் எனப்படும் இரும்பு நீக்கி வருகிறது. தயோகிளைகோலேட் உப்பை அடிப்படையாகக் கொண்ட இந்தக் கரைசல், முடியைச் சுருட்டுவதற்கும் முடி நீக்குவதற்கும் பயன்படும் அதே குடும்பத்து வேதிப்பொருள். அதன் நாற்றம் அதனால்தான் அவ்வளவு தெரிந்த நாற்றமாக இருக்கிறது. தெளித்துவிட்டு வீலின் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தால், முதல் அரை நிமிடம் எதுவும் நடப்பதில்லை. பிறகு நட்டுக் குழிகளின் விளிம்பிலும் ஸ்போக்குகள் சேரும் மூலைகளிலும் ஊதா நிறம் மெல்லக் கசியத் தொடங்கி, கோடு கோடாக இறங்கி, ரிம்மின் அடியில் திரண்டு சொட்டும். இரும்போடு வினைபுரிந்து நீரில் கரையும் சேர்மம் உருவாவதன் அடையாளம் அது. தேய்த்துப் பெயர்க்க வேண்டியதை இது கரைத்து எடுக்கிறது. பெரும்பாலான தயாரிப்புகள் அமில, கார நடுநிலையை ஒட்டியே இருப்பதால் வார்னிஷுக்கும் ஊறு இல்லை. மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இதில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது, ஊதா நிறம் ஓடும்வரை வீல் அழுக்காகவே இருக்கிறது என்று நம்பித் திரும்பத் திரும்பத் தெளிப்பது. ஸ்போக்குகளின் இடைவெளி வழியே உள்ளே போகும் கரைசல் டிஸ்கின் மேலும் படுகிறது. டிஸ்கே இரும்பாக இருப்பதால் அங்கே எத்தனை முறை தெளித்தாலும் ஊதா வந்துகொண்டேதான் இருக்கும். இரண்டாவது, தார்ப் புள்ளிகளையும் இதுவே நீக்கும் என்று எதிர்பார்ப்பது. தாருக்கு வேண்டியது கரைப்பான் வகைத் தார் நீக்கி. இரும்பு நீக்கி அதைத் தொடக்கூட இல்லை என்பதைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, நான்காவது போட்டியாளர்களான அமில வீல் கிளீனர்களும் கடுங்காரக் கிளீனர்களும் வேகத்தில் எல்லாவற்றையும் முந்துகின்றன. தெளித்த உடனே அழுக்கு வழிந்து இறங்கும் காட்சி யாரையும் மயக்கும். ஆனால் அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் கடும் அமிலத்திலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். வார்னிஷ் முழுமையாக இருக்கும் வீல் ஒருமுறை இதைத் தாங்கக்கூடும். சிறு கல் தெறித்து வார்னிஷ் உடைந்த இடத்தில் கரைசல் உள்ளே புகுந்தால், அங்கிருந்து வெண்மையான புழு ஊர்ந்ததுபோல அரிப்பு பரவும். வார்னிஷே இல்லாத பாலிஷ் அலுமினிய வீலும், மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய, அதாவது அனோடைஸ் செய்த வீலும் ஒருமுறைகூடத் தாங்குவதில்லை. என் பழைய காரில் பாலிஷ் வீல்கள் இருந்தன. ஒரு கழுவுமிடத்தில் கேட்காமலே எதையோ தெளித்துக் கழுவிக் கொடுத்தார்கள். ஈரமாக இருந்தபோது அழகாகத் தெரிந்த வீல்கள், காய்ந்ததும் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கித் திட்டுத்திட்டாக நின்றன. மீண்டும் பாலிஷ் போட்டு மீட்க ஒரு வீலுக்கு ஏறத்தாழ அரை நாள் ஆனது. அன்றிலிருந்து, யாரிடம் காரைக் கழுவக் கொடுத்தாலும் வீலுக்கு என்ன தெளிக்கிறீர்கள் என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

வீலைவிட முக்கியமானது கை. சில அமிலக் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ சேர்க்கப்படுகிறது. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் போகலாம்; சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும்போது அது உள்ளே ஊடுருவி, உடலின் கால்சியத்தோடு வினைபுரியத் தொடங்கியிருக்கும். பாட்டிலின் பின்புறத்தில் இந்தப் பெயர்களில் ஒன்றைக் கண்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆகவே கரைசல்களுக்குள் போட்டி என்றால் என் வரிசை தெளிவானது: வாராந்தரக் கழுவலுக்கு ஷாம்பு, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரும்பு நீக்கி, மற்ற இரண்டும் எனக்கு வேண்டாம்.

பூச்சுகளைப் பொறுத்தவரை மெழுகு, செயற்கை சீலன்ட், செராமிக் கோட்டிங் என்ற மூன்றுக்கும் இடையேதான் போட்டி. கார்னாபா மெழுகு ஏறத்தாழ 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காரின் கூரைக்கு அது போதும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கிய வண்டியின் வீலுக்குப் போதாது. சீலன்ட் அதைவிடச் சூடு தாங்கும், பூசுவதும் எளிது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச மனமிருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. சிலிக்கா அடிப்படையிலான செராமிக் கோட்டிங் இவ்விரண்டையும்விடக் கடினமாகப் படிந்து, நெடுநாள் நிற்கிறது.

ஆனால் செராமிக் கோட்டிங்கைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஒரு திருத்தம் தேவை. கோட்டிங் போட்ட வீலில் தூசு படியாது என்பது உண்மை இல்லை. அதே அளவு தூசுதான் படியும், ஆனால் பற்றிக்கொள்ள முடியாமல் மேலாகவே கிடக்கும். முன்பு பிரஷ் போட்டுத் தேய்த்த இடத்தில் இப்போது தண்ணீரின் வேகமே பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது, மீதியை ஷாம்பு எடுக்கிறது. இந்தப் பலன் முழுவதும் பூசுவதற்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது. இரும்பு நீக்கி, தார் நீக்கி, ஒட்டிய துகளைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கிளே பார் என வரிசையாகச் சுத்தம் செய்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை நீக்கிய பிறகே கோட்டிங் போட வேண்டும். இல்லையென்றால் அழுக்கைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியதாக ஆகிவிடும். வீலைக் கழற்றி உட்புற உருளைப் பகுதிக்கும் சேர்த்துப் போட முடிந்தால் மிக நன்று, ஏனென்றால் தூசு முதலில் மோதுவது அங்கேதான். கழற்றும்போது வீல் அதிராமல் சுழல்வதற்காக உள்ளே ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளைப் பிரஷால் பெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்கின் மேலோ பேடின் மேலோ எந்தப் பூச்சும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

மூன்றாவது வழி பேடை மாற்றுவது. எஃகு இழைகளும் இரும்புத் தூளும் அதிகம் கலந்த செமி மெட்டாலிக் பேடுகள் சூட்டை நன்றாகத் தாங்கும், டிஸ்கை நன்றாகக் கவ்வும், தூசும் நிறையத் தரும். ஐரோப்பியக் கார்களில் பரவலாகப் பொருத்தப்படும் லோ மெட்டாலிக் பேடுகளும் தூசுக்குப் பெயர்போனவை. செராமிக் பேடுகள் டிஸ்கைக் குறைவாகத் தேய்க்கின்றன. அவற்றின் தூசு வெளிர்நிறமாக இருப்பதாலும் எளிதில் ஒட்டாததாலும் வீல் நெடுநாள் சுத்தமாகத் தெரிகிறது. தூசுதான் உங்கள் முதல் குறை என்றால், எந்தக் கோட்டிங்கையும்விட அதிக வித்தியாசத்தைக் காட்டுவது இதுதான் என்பேன். இருந்தாலும் பேட் என்பது முதலில் வண்டியை நிறுத்துவதற்கான பொருள். மலைப்பாதையில் பாரம் ஏற்றி ஓட்டுபவர், டிரெய்லர் இழுப்பவர், வேகமாக ஓட்டிப் பிரேக்கைக் கடுமையாகப் பயன்படுத்துபவர் ஆகியோர் வீலின் அழகுக்காக இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. நகருக்குள் நிதானமாக ஓட்டுபவரும், அந்தக் காருக்கென்று அனுமதிக்கப்பட்ட பேடைத்தான் போட வேண்டும். போட்டபின், தயாரிப்பாளர் சொன்ன முறையில் பிரேக் பிடித்துப் பிடித்து அதை டிஸ்கோடு பழக்க வேண்டும்.

டிஸ்குக்கும் வீலுக்கும் நடுவே பொருத்தும் தகடு போன்ற தூசு மறைப்பான்களை இந்தப் போட்டியிலேயே சேர்க்க எனக்கு விருப்பமில்லை. பிரேக்கைக் குளிர்விக்கும் காற்றை அவை தடுக்கின்றன. வீல் சுத்தமாக இருப்பதற்காகப் பிரேக்கைச் சூடாக்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

தூசு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைக்கும் திசையில்தான் கார் நிறுவனங்களும் நகர்கின்றன. போர்ஷே நிறுவனம் 2017இல் கயென் காரோடு டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்குகளை அறிமுகப்படுத்தியபோது, தூசு குறைவதைக் காட்டும் விதமாகக் காலிப்பர்களுக்கு வெள்ளை நிறமே கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள், புகைக்குழாயைத் தாண்டிப் பிரேக் தூசுக்கும் முதன்முறையாக வரம்பு வைத்தன: பேட்டரியில் மட்டும் ஓடும் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 3 மில்லிகிராம், எரிபொருளில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு 7 மில்லிகிராம். மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடுக்கு வேலை குறைவு. அவற்றின் வீல்கள் வாரக்கணக்கில் சுத்தமாக இருப்பதை யாரும் கவனித்திருக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், கழுவும்போது நான்கு வீல்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். முன் வீல்கள் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கறுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றதைவிட மிக அதிகமாகக் கறுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) இறுகி, பேட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கக்கூடும்; அதற்குக் கிளீனரைத் தேடாமல் மெக்கானிக்கிடம் போக வேண்டும். வீல் கைக்குச் சூடில்லாமல் ஆறிய பிறகே கரைசலைத் தெளிக்க வேண்டும், சூட்டில் காய்ந்த கரைசலே புதிய கறையாகிவிடும். காய்ந்த தூசைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது, நனைத்தே எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து துடைத்த பிறகு காரை அப்படியே நிறுத்திவிடாமல், சிறிது தூரம் ஓட்டி மூன்று நான்கு முறை மெதுவாகப் பிரேக் பிடித்து டிஸ்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். ஈர டிஸ்க் ஒரே இரவில் செம்பழுப்பாகத் துருப்பிடிக்கும், மறுநாள் காலை முதல் பிரேக்கிலேயே அந்தத் துரு முழுவதும் நீங்கள் கழுவிய வீலின் மேல் வந்து உட்காரும்.